வலியில்லாத தோளில் 25 டிகிரி: கடலூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் 21 வயதுப் பெண். கடலூரை ஒட்டிய கிராமம். பட்டப்படிப்பை முடித்துவிட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி அணியில் வாலிபால் ஆடியவர், வலது கைக்காரர், பெரும்பாலும் பந்தை ஓங்கி அடிக்கும் அட்டாக்கர் இடத்தில் நின்றவர். காவலர் தேர்வின் உடற்திறன் போட்டியில் பெண்களுக்கு நீளம் தாண்டுதல், ஓட்டம் இவற்றோடு குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல் உண்டு. அவர் பந்து எறிதலைத் தேர்ந்தெடுத்திருந்தார். வாலிபாலில் பழகிய கை என்பதால் பந்து நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. தோளில் வலி கிடையாது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதில் சிரமமில்லை. தலைக்கு மேல் கையைத் தூக்கிச் செய்யும் எந்த வேலையிலும் தடையில்லை.

அப்படிப்பட்டவர் பிசியோதெரபிஸ்டான என்னிடம் வரக் காரணம் ஒரு துண்டுச் சீட்டு. ஒரு வளாகத்தில் நடந்த இலவச உடற்தகுதி முகாமில் அவர் தோளை அளந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். முகாமை நடத்தியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நடத்தினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்ற இடத்தில் வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டிய நெருக்கடியும் அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் ஒருவர் "தோள் இறுகிப்போறதுக்கு இது ஆரம்பம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண்ணின் அம்மா அவரை மைதானத்துக்கு அனுப்பவில்லை.

வலியோடு வருபவரின் தோளை அளப்பதை எல்லாரும் கவனமாகச் செய்கிறோம். வலியே இல்லாத, நன்றாக ஓடியாடும் இளைஞர்களின் தோளை அளக்கும்போது அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது. 'சும்மா ஒரு பதிவுக்கு' என்று எடுக்கும் அளவு ஒருவருடைய பயிற்சியையும் வேலைவாய்ப்பையும் எப்படிப் பாதிக்கும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சீட்டில் இருந்தது

சீட்டில் நான்கே எண்கள். வலது தோள் உட்சுழற்சி (மேற்கை தோள்மூட்டில் உள்பக்கமாகத் திரும்பும் அளவு) 45, இடது 70. இரு கைகளையும் முன்னால் தூக்கும் வீச்சு வலது 170, இடது 170. 45-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். கீழே 'உட்சுழற்சிக் குறைபாடு 25 டிகிரி. கை உயர்த்தல் இயல்பைவிடக் குறைவு' என்று ஒரு வரி.

இதில் என்னென்ன இல்லை என்பதைத்தான் முதலில் பார்த்தேன். வெளிச்சுழற்சி, அதாவது வெளிப்பக்கமாகத் திரும்பும் அளவு, அளக்கப்படவே இல்லை. படுக்க வைத்து அளந்தார்களா, உட்கார வைத்தா? தெரியாது. தானாகக் கையை அசைக்கச் சொன்னார்களா, அளந்தவர் அசைத்துப் பார்த்தாரா? அதுவும் இல்லை. எந்தக் கை எறியும் கை, அன்று காலை பயிற்சி செய்துவிட்டு வந்தாரா, யார் அளந்தார்கள், எதுவுமே இல்லை. நான்கு எண்களும் 0 அல்லது 5-இல் முடிந்தன. கோனியோமீட்டரில் (இரண்டு கரங்கள் உள்ள, மூட்டின் கோணம் அளக்கும் கருவி) ஒவ்வொரு டிகிரிக்கும் கோடு இருக்கும்போது எல்லா அளவும் ஐந்தின் மடங்காக வருகிறது என்றால், பார்த்தவர் பக்கத்து எண்ணுக்குத் தள்ளி எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு பக்கம் இரண்டு டிகிரி மேலே, மறுபக்கம் இரண்டு டிகிரி கீழே தள்ளினாலே நான்கு டிகிரி வித்தியாசம் வெறும் எழுத்தில் பிறந்துவிடும்.

கை உயர்த்தல் 170 என்பதைக் 'குறைவு' என்று எழுதியதற்குக் காரணம் புரிகிறது. பாடப்புத்தகத்தில் 180 என்று இருக்கிறது. அமெரிக்க எலும்பு மூட்டு மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் முன்னுயர்த்தல் 180, வெளிச்சுழற்சி 90, உட்சுழற்சி 70 என்று போட்டிருக்கும். நாம் எல்லாரும் அதை மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினோம். ஆனால் 1979-இல் நலமுள்ள 109 ஆண்களை அளந்து வெளியான ஆய்வில் முன்னுயர்த்தலின் சராசரி ஏறத்தாழ 167தான். வெளிச்சுழற்சியோ ஏறத்தாழ 104 வந்தது, கையேட்டைவிட அதிகம். முதுகை வளைக்க விடாமல் பிடித்து அளந்தால் நல்ல திடமான இளைஞர்கள் பலருக்கும் 180 வருவதில்லை. மீதி டிகிரிகளை மேல்முதுகு பின்னால் வளைந்து நிரப்பிக் கொடுக்கிறது. ஆகவே அந்த 170 பற்றி எனக்குக் கவலையே இல்லை. 25-ஐத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் சந்திப்பு

அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். மகளைவிட அம்மாதான் பயந்திருந்தார். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இடது தோள் இறுகி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். "எனக்கும் இப்படித்தான் மேடம், சின்னதா ஆரம்பிச்சுது. அப்புறம் ஜாக்கெட் ஊக்குகூடப் போட முடியல. இவளுக்கும் வந்துட்டா இந்த வேலை, கல்யாணம் எல்லாம் என்னாவுறது?"

அந்தக் கேள்விக்கு அன்றே பதில் சொல்ல முடிந்தது. தோள் இறுக்க நோய் பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் வருவது. சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம். அந்த நோயில் வெளிச்சுழற்சி முன்னதாகவும் வெகுவாகவும் குறைந்துவிடும். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, இடது முன்கையை மெதுவாக வெளியே திருப்பினேன். கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது, முகம் சுளித்தது. அதேபோல மகளின் வலது கையைத் திருப்பினேன். தங்குதடையில்லாமல் போனது, அதுவும் இடது கையைவிடக் கூடுதலாக. அம்மா தன் கையையும் மகளின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னதைவிட அதுதான் அவருக்குத் தைரியம் கொடுத்தது. 'இறுகிப்போறது' இல்லை என்று அன்றே உறுதியாகச் சொல்லி அனுப்பினேன்.

அப்படியானால் அந்த 25 டிகிரி என்ன? அதற்கு அன்று பதில் சொல்லவில்லை. அவர் அன்று காலை வீட்டு வாசலிலேயே பந்து எறிந்துவிட்டு வந்திருந்தார், அம்மாவுக்குத் தெரியாமல். எறிந்து களைத்த தோளை அளந்து பயனில்லை. ஒரு நாள் விட்டு, எதுவும் செய்யாமல் காலையிலேயே வரச் சொன்னேன்.

அளந்த விதம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வித்தியாசம் முழுக்க இதில்தான் இருந்தது.

மல்லாந்து படுக்க வைத்தோம். மேற்கையைப் பக்கவாட்டில் 90 டிகிரிக்கு விரித்து, முழங்கையை 90-க்கு மடக்கி, முன்கை கூரையைப் பார்த்து நிற்கும்படி வைத்தோம். மேற்கைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று. துண்டு இல்லாவிட்டால் முழங்கை கட்டிலில் தாழ்ந்து மேற்கை பின்னால் சாய்ந்துவிடும், சுழற்சியின் அச்சே மாறிவிடும். அந்த நிலையிலிருந்து உள்ளங்கை கால் பக்கம் இறங்கினால் உட்சுழற்சி, புறங்கை தலைப்பக்கம் சாய்ந்தால் வெளிச்சுழற்சி.

கோனியோமீட்டரின் மையம் முழங்கை முனையில். அசையாத கரம் தரைக்குச் செங்குத்தாக. அசையும் கரம் முன்கை எலும்பின் ஓரமாக, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தும் எலும்பை நோக்கி. அந்த இரண்டு எலும்பு முனைகளிலும் கண்மை பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டோம். கடலூர்ப் புழுக்கத்தில் பேனா மை வியர்வையில் கலைந்துவிடும், கண்மை நிற்கும். ஒவ்வொரு தடவையும் புள்ளியைப் புதிதாகத் தேடினால் அதிலேயே இரண்டு மூன்று டிகிரி போய்விடும்.

முக்கியமானது தோள்பட்டை எலும்பைப் பிடிப்பது. காரை எலும்புக்குக் கீழே, தோளின் முன்பக்கத்தில் கொரக்காய்டு என்ற எலும்பு முனை கைக்குத் தட்டுப்படும். அதன் மேல் உள்ளங்கையை வைத்து லேசாகக் கட்டிலை நோக்கி அழுத்திக்கொண்டு மறுகையால் முன்கையைத் தானாக விழுமளவுக்கு இறக்கினால், ஒரு கட்டத்தில் கொரக்காய்டு உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு மேலெழும்பப் பார்க்கும். தோள்மூட்டின் சுழற்சி அந்த இடத்தோடு முடிந்தது. அதற்குமேல் போவதெல்லாம் தோள்பட்டை எலும்பு முன்னால் சாய்ந்து தரும் கணக்கு. பிடிக்காமல் விட்டால் முன்கை இன்னும் நன்றாக இறங்கும், எண்ணும் பெரிதாக வரும். இரண்டு விதமாகவும் அளக்கலாம், தவறில்லை. ஒரு கையை ஒரு விதமாகவும் மறு கையை இன்னொரு விதமாகவும் அளந்துவிட்டு இரண்டையும் கழித்துப் பார்ப்பதுதான் கூடாது.

இங்கேதான் முகாமில் நடந்தது புரிந்தது. அந்தப் பெண்ணிடம் எப்படி அளந்தார்கள் என்று கேட்டேன். நன்றாக நினைவு வைத்திருந்தார். கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றார்களாம். வலது பக்கம் நின்றவர் "தோளை அமுக்கிப் பிடிச்சாங்க", இடது பக்கம் நின்றவர் "கையை மட்டும் பிடிச்சு இறக்கினாங்க". நேரத்தை மிச்சப்படுத்த ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இருவருமே அவரவர் கற்ற முறைப்படி சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு முறைகளும் ஒரே சீட்டில் சேர்ந்ததுதான் சிக்கல்.

எங்கள் இடத்தில் இரண்டு பக்கத்தையும் நானே பிடித்தேன். என்னோடு வேலை பார்க்கும் இளைய பிசியோதெரபிஸ்ட் கோனியோமீட்டரைப் பொருத்திப் படித்தார். எண்கள் உள்ள முகம் அவர் பக்கம் இருந்தது. நான் பார்க்கவில்லை, அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எழுதி மட்டும் வைத்தார். 'இந்தப் பக்கம் குறைவாக இருக்கும்' என்று மனதில் எதிர்பார்ப்பு இருந்தால் பிடிக்கிற கை அறியாமலே முன்கூட்டி நிறுத்திவிடும். ஒவ்வொரு அசைவையும் மூன்று தடவை எடுத்துச் சராசரி போட்டோம். ஒரு மணி நேரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல், மறுபடியும் முழுக்க அளந்தோம். இரண்டு சுற்றுக்கும் இடையே அதிகபட்ச வித்தியாசம் 4 டிகிரி. எங்கள் கையின் துல்லியம் அவ்வளவுதான் என்பது தெரிந்திருப்பது நல்லது. அதைவிடச் சிறிய மாற்றத்தை வைத்து யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது.

கிடைத்த எண்கள்

தோள்பட்டை எலும்பைப் பிடித்து அளந்தபோது வலது உட்சுழற்சி 48, இடது 61. வெளிச்சுழற்சி வலது 108, இடது 96. பிடிக்காமல் அளந்தபோது உட்சுழற்சி வலது 58, இடது 72.

சீட்டில் இருந்த 45, பிடித்து அளந்த எங்கள் 48-க்குப் பக்கத்தில் வருகிறது. இடது 70, பிடிக்காமல் அளந்த 72-க்குப் பக்கத்தில். 25 டிகிரிக் குறைபாட்டில் ஏறக்குறையப் பாதி, அளந்த விதத்தில் வந்த வித்தியாசம். இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் ஒரே முறையில் பிடித்து அளந்தால் வித்தியாசம் 13.

13 டிகிரியும் சும்மா விடக்கூடிய அளவு இல்லை. ஆனால் அதே வலது தோளில் வெளிச்சுழற்சி 12 டிகிரி கூடியிருக்கிறது. உள்ளும் வெளியும் சேர்த்த மொத்த வீச்சு வலது 156, இடது 157. உள்ளே போனது வெளியே வந்திருக்கிறது, வீச்சின் மொத்த அளவு குறையவில்லை. கதவு திறக்கும் அகலம் அதேதான், நிலைதான் கொஞ்சம் திரும்பி நிற்கிறது.

எறியும் கையில் இப்படி ஆவது நன்கு அறியப்பட்ட விஷயம். பிறக்கும்போது மேற்கை எலும்பின் தலைப்பகுதி பின்னோக்கி அதிகமாகத் திருகியிருக்கும். வளர வளர அந்தத் திருகு குறைந்துகொண்டே வரும். எலும்பு வளரும் வயதிலேயே ஒரு கையால் திரும்பத் திரும்ப எறிந்தாலோ, பந்தை ஓங்கி அடித்தாலோ, அந்தக் கையில் மட்டும் திருகு குறைவது மந்தப்படும். பெரியவரான பிறகு அந்தப் பக்கம் வெளிச்சுழற்சி கூடியும் உட்சுழற்சி குறைந்தும் நிற்கும். இவர் பத்துப் பதினோரு வயதில் வாலிபால் தொடங்கியவர். அந்தத் திருகை நேரடியாக அளக்க அல்ட்ராசவுண்ட் வழி உண்டு, எங்களிடம் அந்த வசதி இல்லை. ஆனால் வயது, விளையாடிய வரலாறு, சமமான மொத்த வீச்சு, மூட்டின் பின்புறம் அழுத்திப் பார்த்தபோது இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது, இவை எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டின.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை என்று சொன்னோம். வலி இல்லை, மொத்த வீச்சில் இழப்பு இல்லை, தள்ளியும் இழுத்தும் பார்த்ததில் தசைகளின் வலுவில் பக்க வித்தியாசம் தெரியவில்லை. நிறுத்தச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

உட்சுழற்சியைக் கூட்டும் நீட்டல் பயிற்சியும் கொடுக்கவில்லை. இதில்தான் எனக்கும் என் இளைய சகாவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. பக்கவாட்டில் படுத்து, அடியில் இருக்கும் கையை மறுகையால் அழுத்தி இறக்கும் பயிற்சியைக் கொடுக்கலாம், கெடுதல் ஒன்றும் இல்லையே என்றார் அவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூட்டு உறை இறுகியதால் உட்சுழற்சி குறைந்திருந்தால் மொத்த வீச்சும் குறைந்திருக்கும், அப்போது நீட்டலாம். எலும்பின் திருகால் வந்த மாற்றத்தை நீட்டி மாற்ற முடியாது. இல்லாத இறுக்கத்தை நீட்டப் போய், ஏற்கெனவே வெளிச்சுழற்சி 108 இருக்கும் தோளை இன்னும் தளர்த்தி வைப்பதில் என்ன லாபம்? தவிர, பயிற்சி கொடுத்தாலே 'அப்போ ஏதோ இருக்குதுதானே' என்று வீட்டில் மறுபடி பயம் கிளம்பும். அதையும் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது முடிவு, நிறைய எறிந்த மறுநாள் ஒரு தடவை, ஓய்வுக்குப் பிறகு ஒரு தடவை அளப்பது. அவருக்கு எது வழக்கமான ஏற்ற இறக்கம் என்று தெரிந்தால்தான் எது வழக்கத்துக்கு மாறானது என்று பின்னால் சொல்ல முடியும்.

மொத்த வீச்சில் இரு பக்கத்துக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காயத்துக்கான வாய்ப்பு கூடுகிறது என்று 2011-இல் வந்த ஆய்வை இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அது அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் பந்து எறிபவர்களை வைத்துச் செய்தது, எல்லாரும் ஆண்கள். கடலூரில் வாலிபால் ஆடி, காவலர் தேர்வுக்குப் பந்து எறியும் பெண்ணுக்கு அந்த 5 டிகிரியை அப்படியே பொருத்த நான் தயாரில்லை. எங்கள் அளவிலேயே 4 டிகிரி ஆடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த எல்லையை எச்சரிக்கைக் கோடாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எழுதக் கூடாது.

அடுத்து வந்த வாரங்கள்

அவர் மைதானத்துக்குத் திரும்பினார். ஒரு மாலை எறிதல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று அவரே சொல்லி, மறுநாள் காலை வந்தார். வலது உட்சுழற்சி 41, வெளிச்சுழற்சி 107. மொத்தம் 148-க்கு இறங்கியிருந்தது. இடது கையில் மாற்றம் இல்லை. வலி இல்லை, பின்தோளில் ஒரு இழுப்பு மட்டும் இருப்பதாகச் சொன்னார். சகா என்னைத் திரும்பிப் பார்த்தார், 'அன்றே நீட்டலாம் என்றேனே' என்பது போல.

2008-இல் பேஸ்பால் பந்து எறிபவர்களில் செய்த ஓர் ஆய்வில், எறிந்து முடித்த உடனே உட்சுழற்சி சராசரியாக 9.5 டிகிரி குறைந்தது, மறுநாளும் அந்தக் குறைவு இருந்தது என்று பதிவாகியிருக்கிறது. இங்கே குறைந்தது 7. தசை களைப்பில் வரும் தற்காலிக இறுக்கம் இது என்று எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் எறியாமல் ஓட்டமும் நீளம் தாண்டுதலும் மட்டும் செய்யச் சொன்னேன். அதன் பிறகு அளந்தபோது 47-க்குத் திரும்பிவிட்டது. திரும்பாமல் அப்படியே நின்றிருந்தால் என் முடிவை மாற்றியிருப்பேன், நீட்டலும் தொடங்கியிருப்போம். சகாவிடமும் அதையே சொன்னேன்.

முகாம் நடந்த நாளுக்கு முந்தைய மாலையும் அவர் நிறைய எறிந்திருந்தார் என்பது பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது. அன்று வந்த 45-க்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

உடற்திறன் போட்டி வரை தோளில் தொந்தரவு எதுவும் வரவில்லை. பந்து எறிதலில் தகுதித் தூரத்தைத் தாண்டினார். ஓட்டத்தில் நேரம் போதவில்லை, அந்த முறை தேர்வாகவில்லை. அடுத்த அறிவிப்புக்குத் தயாராகிறார். மைதானத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்த நாட்களில் ஓட்டமும் நின்றுபோனதை அவர் வருத்தத்தோடு சொன்னார். தோளுக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு சிவப்பு வட்டம் எவ்வளவு தூரம் போய்விடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

குழுவில் இன்னொருவர்

இந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுப்பவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "மேடம், அப்போ எங்க புள்ளைங்க எல்லாரையும் ஒரே முறையில அளந்து வெச்சிடுங்க, நாளைக்கு யாரு என்ன சொன்னாலும் நம்மகிட்ட கணக்கு இருக்கும்" என்றார். மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை ஏற்பாடு செய்து கொடுத்தார். உடலைச் சூடேற்றும் பயிற்சிக்கு முன்பாக, விடிந்தும் விடியாததுமாக அளந்தோம். பத்து நிமிடம் ஓடிவிட்டு வந்தாலே தசை இளகிச் சில டிகிரி கூடிவிடும் என்பதால் இந்த நேரத்தில் பிடிவாதமாக இருந்தோம்.

வாலிபால், கிரிக்கெட் ஆடிய பலரிடமும் அந்தப் பெண்ணிடம் கண்ட அதே சாய்மானம்தான், எறியும் கையில் வெளியே கூடுதல், உள்ளே குறைவு, மொத்தம் கிட்டத்தட்ட சமம். கயிறு ஏறுதலுக்குத் தயாராகும் ஓர் இளைஞர் மட்டும் வேறு மாதிரி இருந்தார். வயது 23, முன்பு கபடி ஆடியவர். அவருக்கு உட்சுழற்சி வலது 55, இடது 60. முகாமில் அவருக்கும் உட்சுழற்சி மட்டும் பார்த்துவிட்டு 'இயல்பு' என்று எழுதியிருந்தார்கள். ஆனால் வெளிச்சுழற்சி வலது 84, இடது 96. மொத்தம் 139, 156. வலது பக்கம் 17 டிகிரி குறைவு. எண்ணைவிட என் கைக்குப் பட்டதுதான் முதலில் எச்சரித்தது. வெளியே சாய்க்கும்போது 80-ஐ நெருங்கியதும் அவருடைய மார்புத் தசை விறைத்தது, மூச்சு ஒரு கணம் நின்றது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றார்.

மூட்டு முன்னால் நழுவிவிடும் என்று உடம்பு பயந்தால் இப்படித்தான் காத்துக்கொள்ளும். தனியாக விசாரித்தபோது, பிளஸ் டூ படிக்கையில் கபடியில் விழுந்து தோள் விலகியதும், ஊரிலேயே இழுத்துப் போட்டுக் கட்டியதும் வெளியே வந்தது. சொன்னால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பேசாமல் இருந்திருக்கிறார். அவரை எலும்பு மூட்டு மருத்துவரிடம் அனுப்பினோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் பெரிய பாதிப்பு தெரியவில்லை, தோளைச் சுற்றிய தசைகளை வலுப்படுத்திவிட்டுக் கயிறு ஏறலாம் என்று அவர் சொன்னார். வலுப்படுத்தும் பயிற்சியை நாங்களே ஆரம்பித்தோம். ஆறு வாரத்தில் வெளிச்சுழற்சி 89-க்கு வந்தது. ஐந்து டிகிரி முன்னேற்றம் என்று பயிற்சியாளர் மகிழ்ந்தார். எங்கள் அளவின் ஆட்டமே நான்கு என்பதால் நான் அந்த எண்ணை நம்பி எதுவும் சொல்லவில்லை. 80-இல் விறைக்கும் அந்த விறைப்பு போயிருந்தது, அதை நம்பினேன்.

இனி மாற்றிச் செய்யப்போவது

இப்போது எங்கள் பதிவு அட்டையில் எண்ணுக்கு முன்னால் நான்கு விவரங்களை எழுத இடம் விட்டிருக்கிறோம்: எந்த நிலையில் அளந்தது, தோள்பட்டை எலும்பைப் பிடித்ததா இல்லையா, கடைசியாக எறிந்தது எப்போது, பிடித்தவரும் படித்தவரும் யார். இவை காலியாக இருந்தால் எண்ணை எழுதுவதில்லை. வெளிச்சுழற்சி இல்லாமல் உட்சுழற்சியை மட்டும் எழுதுவதும் இல்லை. 'இயல்பு', 'குறைபாடு' என்ற சொற்களை முகாம் அட்டையில் போடுவதை அடியோடு விட்டுவிட்டோம். யாரிடமாவது கவனிக்க வேண்டியது தெரிந்தால் அன்றே தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறோம், கையில் சீட்டைக் கொடுத்து அனுப்புவதில்லை. விளையாட்டு வரலாறு கேட்கும்போது 'அடிபட்டதுண்டா' என்பதோடு நிறுத்தாமல், 'எப்போதாவது தோள் விலகி யாராவது இழுத்துப் போட்டார்களா' என்று நேராகவே கேட்கிறோம். பலருக்கு அது 'அடி' கணக்கில் வருவதே இல்லை.

பயிற்சியாளர் தன் கைபேசியிலேயே கோணம் அளக்கும் செயலியை வைத்து வாராவாரம் பார்க்கலாமா என்று கேட்டார். படுத்த நிலையில் தோளின் சுழற்சி செங்குத்துத் தளத்தில் நடப்பதால் புவியீர்ப்பை வைத்துக் கோணம் காட்டும் கைபேசி இதற்குப் பொருந்தும். முன்கையில் ஒரே இடத்தில் வைத்து, எப்போதும் அவரே அளந்தால் போதும், ஆளை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி, கொரக்காய்டு முனையைத் தேடிப் பிடிக்கப் பழக்கினோம். முதல் சில வாரங்களில் அவருடைய எண்கள் எங்களுடையதைவிடக் கூடுதலாக வந்தன, பிடி தளர்வாக இருந்தது. இப்போது நெருங்கியிருக்கிறது. அந்தப் பெண்ணின் அட்டையை அவரே வைத்திருக்கிறார். நிறைய எறிந்த மறுநாள் மொத்த வீச்சு 10 டிகிரிக்கு மேல் இறங்கினாலோ, இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகும் ஏறாவிட்டாலோ எங்களிடம் அனுப்புவது என்று பேசி வைத்திருக்கிறோம். இந்த 10 என்ற எண் எங்கள் கையின் துல்லியத்தை வைத்து நாங்களே வகுத்தது. இந்தக் குழுவில் இன்னும் ஒரு பருவம் அளந்த பிறகு அதை மறுபடி பார்ப்போம்.